ரோஸி டீச்சரின் நாற்பத்து மூன்று டிஃபெக்டுகள்

“…மத்ததெல்லாம் கொண்டாந்துட்டேன் தோஸ்த். எங்க மெதுவா போனா, எங்க அவசரப்பட்டா, எந்தக் கட்டை அழுந்தாம போச்சு, எல்லாம் வந்துடுச்சு. அந்த இருமல் ஒண்ணுதான் எங்க தேடியும் கெடைக்கல. எங்க, நீ கொஞ்சம் இருமு பாக்கலாம்?”

ஆம்பூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர் டீக்கடையில் வைத்து என்னை இப்படிக் கேட்டார். நான் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு இருமினேன். கேட்டது அவர் என்பதால் இருமினேன். வேறு யாராவது கேட்டிருந்தால் அடித்திருப்பேன்.

“சே, இது ஆம்பள இருமல். அடியில உறுமுது. அவளுது மேல ஆரம்பிச்சு ரெண்டு படி எறங்கும்,” என்று சொல்லிவிட்டு, கையிலிருந்த செல்போனில் எடுத்த பதிவை அங்கேயே அழித்தார்.

வேலூரிலிருந்து வாணியம்பாடி வரைக்கும் இந்தத் தோல் ஊர்களில், அசைகிற எதற்கும் ஒரு நம்பர் போடாமல் ஒரு நாளும் படுக்கைக்குப் போகாத ஒரே மனிதர் அவர்தான். ஊர் அவருக்கே ஒரு நம்பரைப் பெயராகப் போட்டுவிட்டது: நூத்தி இருவது. சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் இருக்கலாம். மகள் கல்யாணப் பத்திரிகையில் சொந்தப் பெயரை அச்சடித்துவிட்டு, பிறகு யாருக்கும் ஆள் தெரியாமல் போய்விடுமே என்று பயந்து, பக்கத்தில் ‘நூத்தி இருவது’ என்று பேனாவால் எழுதித்தான் கொடுத்தார்கள்.

பகலில் நாங்கள் இருவரும் ஒரே ஷூ ஃபேக்டரி. நான் ஃபைனல் செக்கிங் டேபிள். அவர் தையல் மெஷின் மெக்கானிக். சாயங்காலங்களில் கல்யாண ரிசப்ஷன்களுக்கு ஸ்பீக்கரும் லேப்டாப்பும் கட்டிக்கொண்டு பாட்டுப் போடப் போவார். ஒரு பாட்டு முடிவதற்குள் அடுத்த பாட்டைக் கீழிருந்து ஏற்றி, எது எங்கே முடிந்தது, எது எங்கே தொடங்கியது என்று தெரியாமல் கலந்து விடுவதில் அவர் கெட்டிக்காரர். ஒரு பாட்டில் நிமிஷத்துக்கு எத்தனை அடி விழுகிறது என்பதுதான் அதன் வேகம். “நூத்தி இருவதுல வை தோஸ்த், மொழங்கால் வலிக்காரன்கூட எழுந்து ஆடுவான்” என்பார். பெயர் வந்தது அப்படித்தான்.

பாட்டோடு விட்டிருந்தால் பரவாயில்லை. தையல் ஹாலில் இருநூறு மெஷின்கள் ஒன்றாக ஓடும்போது வாசலில் நின்று கண்ணை மூடிக்கொள்வார். “நாலாவது வரிசை, ஜன்னல் பக்கம் மூணாவது மெஷின் சொணங்குது. பெல்ட்டு பாரு.” போய்ப் பார்த்தால் பெல்ட் தளர்ந்திருக்கும். மனிதர்களையும் விடமாட்டார். மேனேஜர் நடை நூத்தி நாலு. ஷூ வாங்குகிற வெளிநாட்டு பையர் வருகிற நாளில் அதே மேனேஜர் நூத்தி முப்பத்தாறு. என்னை ஒரு நாள் எல்லோர் முன்னாலும் நிறுத்தி, “உன் கல்யாணத்துல நீ மேடைக்கு நடந்து வந்தது எழுவத்தஞ்சு. கசாப்புக் கடைக்குப் போற ஆடுகூட எம்பதுல போவும்யா” என்றார். என் மனைவி அதை இன்று வரைக்கும் உறவுக்காரர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

ஒரு தடவை வேலூரிலிருந்து காட்பாடிக்கு ஷேர் ஆட்டோவில் போனோம். டிரைவர் சத்தமாகப் பாட்டு வைத்திருந்தான். இவர் முன்னால் குனிந்தார்.

“தம்பி, உன் பாட்டு ஒரு சுதி, உன் இஞ்சின் ஒரு சுதி. ரெண்டும் அடிச்சிக்கினு சாவுது. மூணாவது கியருக்கு வா.”

“ஏன்ணா, ரோடு காலியா கீதே?”

“வந்து பாரேன்.”

அவன் வந்தான். இஞ்சின் சத்தம் ஏறிப் பாட்டோடு போய் ஒட்டிக்கொண்டது. அவன் அசந்துபோய், காட்பாடி வரைக்கும் மூணாவது கியரிலேயே ஓட்டினான். பின்னாலிருந்த ஒரு அம்மா, “யோவ், டிரெயின் போய்டும்யா, எறக்கி விடு, நான் நடந்தே போறேன்” என்று கத்தியது. இவர் திரும்பி, “நீங்க நடந்தா எம்பத்தெட்டுமா. ஆட்டோதான் நல்லது” என்றார்.

இந்தச் சுதி விஷயத்தை அவர் எனக்கு விளக்கிய விதத்தைச் சொல்ல வேண்டும். இரண்டு பாட்டுகளின் வேகம் ஒன்றாக இருந்தால் மட்டும் போதாதாம், சுதியும் ஒத்துவர வேண்டுமாம். உலகத்தில் உள்ள எல்லாச் சுதிகளையும் ஒரு வட்டத்தில் பன்னிரண்டு வீடுகளாகப் பிரித்திருக்கிறார்களாம். எட்டாம் வீட்டுப் பாட்டு ஏழாம் வீட்டோடும் ஒன்பதாம் வீட்டோடும்தான் சம்பந்தம் பண்ணும். மூன்றாம் வீட்டோடு சேர்த்தால் பந்தியிலேயே சண்டை. இந்த வட்டத்தை ஒரு சார்ட் பேப்பரில் பெரிதாக வரைந்து, வீடு வீடாக நம்பர் போட்டு, ஹாலில் மாட்டி வைத்திருந்தார்.

வீட்டு ஜெபத்துக்கு வந்த போதகர் அதைப் பார்த்துவிட்டு, ஜெபத்தின் நடுவில் ஒரு கண்ணைத் திறந்து மறுபடி பார்த்தார். முடிந்ததும் மெதுவாக, “சகோதரரே, நம்ம வீட்ல ஜாதகக் கட்டம் வேணாமே” என்றார்.

“ஐயோ, இது பாட்டு கட்டம் ஐயா! நம்ம சர்ச் கொயர் பாட்டுகூட இதுல கீது. நாலாவது வீடு.”

“எந்தக் கட்டமா இருந்தாலும் வட்டமா வேணாம்” என்று சொல்லிவிட்டு போதகர் காபியைக் குடித்தார். உள்ளே சமையலறையில் ஒருவர் வாயில் முந்தானையை வைத்துச் சிரிக்கிற சத்தம் கேட்டது. அதுதான் ரோஸி டீச்சர், அவருடைய மனைவி.

டீச்சர் மிஷன் பள்ளிக்கூடத்தில் மியூசிக் எடுத்தார். அங்கே ஹாலில் ஒரு பியானோ உண்டு. ஒரு காலைக் கரையான் தின்றுவிட்டதால் அதற்குப் பதில் மரக்கட்டை முட்டுக்கொடுத்திருந்தார்கள். அதைச் சுதி சேர்க்க மெட்ராஸிலிருந்து ஆள் வருவதாக ஒவ்வொரு வருஷமும் சொல்வார்கள். ஆள் வரவில்லை. மழைக்கு ஊறி, வெயிலுக்குக் காய்ந்து, அந்தப் பியானோ மொத்தமாகக் கொஞ்சம் கீழே இறங்கிப்போய், எந்தச் சுதியிலும் சேராமல் இரண்டு சுதிகளுக்கு நடுவில் இருந்தது. அதில் டீச்சர் ஒரு மெதுவான இசையை வாசிப்பார். ஐரோப்பாவில் எந்தக் காலத்திலோ யாரோ எழுதிவைத்தது. அதன் பெயர் என் வாயில் நுழையாது. டீச்சர் அதை ‘என்னுது’ என்று மட்டும் சொல்வார். நான் பள்ளிக்கூட ஆண்டு விழாவில் ஒரு தடவை கேட்டிருக்கிறேன். எனக்குப் புரியவில்லை. ஆனால் கேட்டுவிட்டு வெளியே வந்தபோது யாரோடும் பேசப் பிடிக்கவில்லை.

நிமிஷத்துக்கு நூத்தி இருவது அடி அடிக்கிற மனிதருக்கும், நினைத்த இடத்தில் நின்று யோசித்துவிட்டுப் போகிற பியானோவுக்கும் கல்யாணம் பண்ணிவைத்தவர்கள் யாரோ, அவர்களுக்குப் பெரிய மனசு. சண்டைக்குப் பஞ்சமே இல்லை.

“ஏம்மா, நடுவுல போய் தூங்கிட்டியே?”

“தூங்கலைங்க. அங்க மூச்சு விடணும்.”

“மூச்சு விட இன்னாத்துக்கு மூணு செகண்டு? அதுக்குள்ள நான் ரெண்டு பாட்டு மாத்திடுவேன்.”

“மாத்துங்க. யாரு வேணான்னா? எனக்கு இந்த ஒரு பாட்டே இன்னும் முடியல.”

இந்தச் சண்டையில்தான் அந்தப் பதிவு பிறந்தது. வேகம் நிலையில்லை என்பதை நிரூபித்தே தீருவேன் என்று, ஒரு சனிக்கிழமை மத்தியானம் இவர் இரண்டு மைக்கையும் லேப்டாப்பையும் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனார். டீச்சர் வாசித்தார். ஆறு நிமிஷத்துக்குக் கொஞ்சம் கூட. கம்ப்யூட்டர் அதைக் கேட்டு முதலில் நூத்தி முப்பத்தொன்று என்றது. இன்னொரு தடவை கேட்டு அறுபத்துநாலு என்றது. சுதி என்னவென்று கேட்டதற்கு ஒரு தடவை இரண்டாம் வீடு என்றது, மறுதடவை ஒன்பதாம் வீடு என்றது. இவருக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். “பாத்தியா, கம்ப்யூட்டரே பேஜாராயிடுச்சு!” என்று மூன்று நாள் ஃபேக்டரி முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

டீச்சர் வாசித்ததற்கு வேறு பதிவு கிடையாது. ஜெயித்த சந்தோஷத்தில் இவர் அதை யாருக்கும் அனுப்பவும் இல்லை.

அடுத்த வருஷம் மழைக்காலம் முடிவதற்குள் டீச்சர் போய்விட்டார். நுரையீரலில் ஆரம்பித்தது. ஆம்பூருக்கும் வேலூருக்குமாக அவர்கள் அலைந்த எட்டு மாதங்களை நான் இங்கே எழுதப்போவதில்லை. ஒன்றே ஒன்று சொல்கிறேன். கடைசி வாரம் நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது, கட்டில் பக்கத்தில் இதயத் துடிப்பு காட்டுகிற மெஷின் டிக் டிக்கென்று அடித்துக்கொண்டிருந்தது. இவர் இரண்டு காதிலும் பஞ்சு வைத்துக்கொண்டு, அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து டீச்சரின் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார். அந்த ஒரு நம்பர் மட்டும் அவருக்கு வேண்டாமாக இருந்தது.

அப்புறம் அவர் எண்ணுவதை விட்டுவிட்டார். தையல் லைன் பெண்கள் அவரைப் பேச்சுக்கு இழுப்பதற்காக அவர் முன்னாலேயே குறுக்கும் நெடுக்கும் நடப்பார்கள். “அண்ணே, இன்னைக்கு என் நடை எத்தினி?” என்பாள் கற்பகம். “பாக்கலம்மா” என்பார். இருநூறு மெஷினும் அதனதன் இஷ்டத்துக்கு ஓடின. ரிசப்ஷன்களுக்கு வேறு ஆள் போனான்.

மறுபடி அவரை எண்ண வைத்தது மகள் ஜெனிதான். வேலூரில் ஒரு லேபில் வேலை பார்க்கிற பெண். அப்பா மாதிரி வாய், அம்மா மாதிரி விரல். கல்யாணம் நிச்சயமானதும் அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

“காலைல சர்ச்ல நீங்க கையைப் பிடிச்சி இட்டுக்கினு போங்க. சாயங்காலம் ஹால்ல நான் உள்ள வரும்போது அம்மா வாசிக்கணும்பா.”

“வாசிக்கட்டுமே,” என்றார் இவர். அப்படித்தான் சொன்னார், டீச்சர் பக்கத்து அறையில் இருப்பது மாதிரி.

அன்றைக்கே லேப்டாப்பைத் தூசி தட்டி எடுத்தார். அவர் கணக்கு இது: பிள்ளை வீட்டார் வாசலில் வந்து இறங்கும்போது கொயர் பாட்டு. அதிலிருந்து டீச்சரின் பியானோ கிளம்ப வேண்டும். பியானோவிலிருந்து மேடைப் பாட்டு கிளம்ப வேண்டும். நடுவில் ஒட்டுத் தெரியக்கூடாது. ஊரில் எத்தனையோ பேர் பெண்களுக்கு ஒட்டுத் தெரியாமல் பண்ணிக்கொடுத்தவர், சொந்தப் பெண்ணுக்குப் பண்ணமாட்டாரா? ஆனால் டீச்சரின் பியானோ எதோடும் சேரவில்லை. கொயர் பாட்டோடு வேகம் சேர்த்தால் எட்டாவது அடியில் டீச்சர் பின்தங்கினார். காத்திருந்தால் முந்திக்கொண்டு ஓடினார். சுதியில் மேலே இழுத்தால் ஒரு வீடு, கீழே இழுத்தால் ஒரு வீடு.

ஒரு நாள் என் செக்கிங் டேபிளுக்கு வந்து, “தோஸ்த், உன் ஃபாரம் நாலு குடு” என்றார்.

எங்கள் ஃபாரம் வெளியாட்களுக்குத் தெரியாது. ஷூவில் குறை கண்டால் அந்த இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவோம். ஃபாரத்தில் குறை எங்கே, என்ன குறை, எவ்வளவு என்று எழுதி ரீவொர்க்குக்கு அனுப்புவோம். அங்கே சரி பண்ணுவார்கள். அந்த ஃபாரத்தில் இவர் டீச்சரின் வாசிப்பை எழுத ஆரம்பித்தார். மதிய சாப்பாட்டு நேரத்தில் எனக்குப் படித்தும் காட்டுவார்.

“கேளு. குறை நம்பர் ஏழு. நாப்பத்தொண்ணாவது செகண்டு. இடது கை லேட்டு. அறுவத்தெட்டுலேருந்து அம்பத்தொம்பதுக்கு எறக்கம். குறை நம்பர் எட்டு. அடுத்த வரியில அதைப் புடிக்க ஓட்டம், எழுவத்தொண்ணு. பஸ்ஸை விட்டுட்டு ஓடுறா மாதிரி. இவளை வச்சிக்கினு நான் எப்பிடிய்யா இருவத்தாறு வருஷம் குடித்தனம் பண்ணேன்!”

எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த ஒரு வருஷத்தில் அவர் முகத்தில் வெளிச்சம் பார்த்தது அப்போதுதான். மொத்தம் நாற்பத்து மூன்று டிஃபெக்ட். வாசிப்புக் குறைகள் எல்லாம் முடிந்து கடைசி வரியில் தனியாக, ‘மூன்று நிமிஷம் பதினாறாவது செகண்டு, இருமல்’ என்று இருந்தது.

பிறகு ரீவொர்க் ஆரம்பித்தது. லேட்டான விரலை முன்னால் நகர்த்தினார். ஓடிய இடத்தை இழுத்துப் பிடித்தார். மொத்தத்தையும் அறுபத்துநாலில் நிறுத்தினார். இறங்கிக்கிடந்த பியானோவைத் தூக்கி இரண்டாம் வீட்டில் உட்கார வைத்தார். பெஞ்சு கிறீச்சிட்டதைத் துடைத்தார். இருமலை வெட்டி எடுத்து, அந்த இடத்தை ஒட்டினார். கம்ப்யூட்டர் கடைசியில் கேட்டது, பழையதை அழித்துவிட்டு அந்த இடத்தில் இதையே வைக்கட்டுமா என்று. வை என்று அமுக்கினார்.

உங்களுக்குப் பதறுகிறது. எனக்கும் பிறகு பதறியது. ஆனால் எங்கள் தொழிலில் இருப்பவனுக்கு அமுக்குகிற நேரத்தில் அந்தப் பதற்றம் வராது. ரீவொர்க் முடிந்த ஷூவுக்குப் பழைய ஷூ என்று ஒன்று கிடையாது. குறையைத் தீர்த்தபிறகு குறையுள்ளதை எவன் எடுத்து வைப்பான்? இத்தனை வருஷ ஃபேக்டரிப் பழக்கத்தில் விரல் தானாக அமுக்கிவிட்டது. பத்திரத்துக்கென்று பென் டிரைவில் இருந்த பழைய பதிவின் மேலேயும் அவரே இதை ஏற்றிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் ஜெனியை உட்கார வைத்துப் போட்டுக் காட்டினார். கொயர் பாட்டு மெல்ல இறங்க, உள்ளிருந்து பியானோ கிளம்பியது. ஒட்டுத் தெரியவில்லை. நானும் இருந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், குறையே இல்லை.

ஜெனி ஒரு நிமிஷம் கேட்டாள். “யாருப்பா இது வாசிக்கிறது?”

“இன்னாம்மா கேள்வி? அம்மாதான்.”

“இல்லப்பா. அம்மா வாசிச்சதைப் போடுங்க.”

“இதான்மா. கொஞ்சம் சரி பண்ணேன்.”

“சரி, பழசைப் போடுங்களேன்.”

இவர் லேப்டாப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பிறகு பென் டிரைவைச் செருகி, எடுத்து, மறுபடி செருகித் தேடிக்கொண்டே இருந்தார். அன்றைக்கு அதை எண்ண அந்த வீட்டில் ஆள் இல்லை.

அதற்கப்புறம் ஒரு வாரம் வேலூரில் செல்போன் கடை, கம்ப்யூட்டர் கடை என்று ஏறி இறங்கினோம். போன மாட்டை வாலைப் பிடித்து இழுத்தாவது கொண்டுவந்துவிடலாம் என்று ஒருவன் நம்பிக்கை கொடுத்தான். இரண்டு நாள் வைத்திருந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். பஸ்ஸில் திரும்பும்போது இவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, “ரெண்டாவது தடவையா தொலைச்சிட்டேன்யா” என்றார்.

அடுத்த நாள் ஃபேக்டரியில் என் டேபிளில் குனிந்து ஒரு ஃபாரத்தை நிரப்பிக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. ஓடினேன். அவர் ஒரு மெஷினுக்கு அடியில் படுத்திருந்தார். காலைப் பிடித்து இழுத்தேன்.

“யோவ், உன் ஃபாரம் எங்க?”

“எந்த ஃபாரம்?”

“டீச்சர் மேல எழுதினியே, டிஃபெக்ட்டு! அது கீதா, கிழிச்சிட்டியா?”

மல்லாந்து படுத்தபடியே என்னைப் பார்த்தார். பிறகு எழுந்து, கையில் கிரீஸோடு, கேட் பாஸ்கூட வாங்காமல் வீட்டுக்கு நடந்தார். பின்னாலேயே போன நான் சொல்கிறேன், அது நூத்தி ஐம்பதுக்குக் குறையாது.

ஃபாரம் இருந்தது. நான்கு தாள். நாற்பத்து மூன்று குறை.

இப்போது எல்லாவற்றையும் தலைகீழாகச் செய்தார். குறை நம்பர் ஏழு: நேராக நிறுத்திய இடது கையைப் பிடித்துப் பின்னால் தள்ளினார், அம்பத்தொம்பதுக்கு. குறை நம்பர் எட்டு: ஓடவிட்டார். இரண்டாம் வீட்டில் ஏறி உட்கார்ந்த பியானோவை மறுபடி வீடில்லாமல் இறக்கிவிட்டார். பள்ளிக்கூடத்துக்குப் போய் அதே பெஞ்சில் உட்கார்ந்து அந்தக் கிறீச்சைப் பதிந்துகொண்டு வந்தார். பதினோரு நாள், ஷிஃப்ட் முடிந்து வந்து ஊர் விளக்கு அணைக்கிற வரைக்கும், மனைவி செய்த தப்பை ஒவ்வொன்றாகத் திரும்பச் செய்துகொண்டிருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து நம்பர் படித்தேன்.

“இருவத்தி ரெண்டு. வலது கை சின்ன விரல், சத்தம் கம்மி.”

“எவ்ளோ கம்மின்னு எழுதிக்கீறேன்?”

“‘ரொம்ப கம்மி, பிள்ளை தூங்குதுன்னு வாசிக்கிறா மாதிரி’ன்னு எழுதிக்கீற.”

“ஆமா, ஆமா. அப்பிடித்தான் இருந்துச்சு,” என்று சொல்லி, கண்ணைத் துடைத்துக்கொண்டு குறைத்தார்.

ஜெனிக்குப் போட்டுக் காட்டும்போது அவர் அறைக்கு வெளியே போய் நின்றுகொண்டார். பாதியில் அவள் மேஜைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். முடிந்ததும், “அம்மாதான்” என்றாள். கொஞ்சம் கழித்து, “நடுவுல இருமுவாங்களேப்பா?” என்றாள்.

நாற்பத்து மூன்றாவது குறையை மட்டும் எந்த நம்பரை வைத்து மீட்பது? அப்போதுதான் இருமல் வேட்டை தொடங்கியது. டீக்கடையில் என்னை இருமவைத்தது அதில்தான். தையல் லைனில் பதினேழு பெண்களை வரிசையாக நிறுத்தி, செல்போனை நீட்டி இருமச் சொன்னார். சூப்பர்வைசர் வந்து, “இன்னாது, மெடிக்கல் கேம்ப்பா?” என்றார். அவரையும் இருமச் சொன்னார். கற்பகம் ஒன்றுக்கு மூன்றாக இருமிக் காட்டினாள். “வேணாம்மா, நீ நடிக்கிற” என்று தள்ளிவிட்டார். கொயர் பெண்கள், நர்ஸம்மா, மார்க்கெட்டில் மிளகாய் மண்டிக்காரம்மா என்று ஊரே இருமியது. எதுவும் சேரவில்லை.

“விடேன்யா. ஒரு இருமல்தானே?” என்று கேட்டேன்.

அவர் செல்போனைப் பையில் போட்டார். பிறகு சொன்னார்.

“அன்னைக்கு அவ இருமும்போது நான் எதுருலதான் நின்னேன் தோஸ்த். வாசிச்சிக்கினே என்னை நிமிர்ந்து பாத்தா. நான் கையைச் சுழட்டிக் காட்னேன். நிறுத்தாத, ஓட்டு, ஓட்டுன்னு. ரெக்கார்டு கெட்டுடுமேன்னு. அவளும் நிறுத்தல. கடைசி வரைக்கும் வாசிச்சிட்டுதான் எழுந்தா. வீட்டுக்கு வர்ற வழியில கேட்டா, ‘ஒருத்தி இருமுறாளே, தண்ணி வேணுமான்னு கேக்கத் தோணலையா உங்களுக்கு?’ன்னு. சிரிச்சிக்கினேதான் கேட்டா. நான், ‘அம்பத்தொம்பதுல இருமினே’ன்னு சொன்னேன்.”

ஜெனிதான் முடிவு சொன்னாள். “வேற யாரு இருமலும் வேணாம்பா. அந்த எடம் அப்பிடியே காலியா இருக்கட்டும்.”

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால், கொயர் கீபோர்டுக்காரன் என்னிடம் வந்து புலம்பினான். “அண்ணே, எங்க பாட்டை முழுக்கக் கீழ எறக்கச் சொல்றாரு. எந்தக் கட்டையிலயும் சேராத எடத்துக்கு. சுதி ஃபால்ஸ் ஆவுதுண்ணே. வேகமும் ஒரு எடத்துல நிக்கக்கூடாதாம்.”

நான் போய்க் கேட்டேன். இவர் ஸ்பீக்கர் ஒயரைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்: “அவ வரமாட்டா தோஸ்த். எல்லாரும் அவகிட்ட போவட்டும்.”

சாயங்காலம் ஆறு மணிக்கு ஹால் நிறைந்திருந்தது. பின்பக்கம் பிரியாணி அண்டாவை இறக்கியாகிவிட்டது, வாசனை முன்வரிசை வரைக்கும் வந்து ஆட்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. கொயர், பாவம், அந்த வீடில்லாத சுதியில் பாடியது. அது இறங்க, பியானோ கிளம்பியது. ஜெனி வாசலில் தோன்றினாள். பேசிக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். டீச்சரிடம் படித்த பெண்கள் சிலர், குழந்தைகளை இடுப்பில் வைத்தபடி எழுந்து நின்றார்கள். பியானோ நிற்கிற இடத்தில் ஜெனி நின்றாள், ஓடுகிற இடத்தில் ஓரடி முந்தினாள். அவளுக்கு யாரும் ஒத்திகை பார்த்துக் கொடுக்கவில்லை.

நான் லேப்டாப் வைத்திருந்த மேஜைப் பக்கத்தில் நின்றிருந்தேன். புது வேட்டி சட்டையில் இவர் எதையும் தொடாமல், கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். மூன்று நிமிஷம் பதினாறாவது செகண்டு வந்தது. பியானோவுக்கு நடுவில் அந்தச் சின்னக் காலி இடம் திறந்தது.

இவர் குனிந்து, மேஜைக்குக் கீழே இருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்தார். மூடியைத் திருகித் திறந்து, ஸ்பீக்கர் பக்கமாக நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார்.